ஏரோப்ளேன் வந்தால் சின்னான் வருவான்

முதலில் சத்தம்தான் வரும். பக்கத்து வீட்டில் யாரோ எந்திரக்கல்லில் கேழ்வரகு அரைக்கிற மாதிரி ஓர் உறுமல், எந்தத் திக்கு என்று பிடிபடாமல் மலைக்கு மலை மோதி உருண்டு வரும். நாங்கள் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடி, கண்ணைச் சுருக்கிக்கொண்டு கிழக்கே தேடுவோம், அப்புறம்தான் புளியமரங்களுக்கு மேலே வெள்ளையாக அது தென்படும். மெட்ராஸிலிருந்து பெங்களூருக்குப் போகிற ஏரோப்ளேன். காலையில் ஒரு தரம் போகும், சாயந்தரம் ஒரு தரம் திரும்பும். ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூரிலிருந்து ஒரு மணி நேரம் நடந்தால் வருகிற எங்கள் ஊரில் அப்போது கரண்டும் கிடையாது, பஸ்ஸும் கிடையாது. எங்கள் தலைக்கு மேலே போகிறவர்களுக்குக் கீழே ஓர் ஊர் இருப்பதே தெரிந்திருக்காது. எங்களுக்கோ அவர்கள் வராவிட்டால் பொழுதே போகாது.

எல்லோரையும்விட என் தம்பி சின்னானுக்குத்தான் அது உயிர். மூன்று வயது. சோற்றுக்கு வாயைத் திறக்கவே மாட்டான், பிடிவாதக்காரன். உறுமல் கேட்டதும் "பேன், பேன்" என்று அம்மா இடுப்பில் ஏறிக்கொள்வான், அம்மா வாசலுக்குத் தூக்கிப் போய், அவன் மேலே பார்த்து வாயைப் பிளக்கிற நேரத்தில் சாமைச்சோற்றை உள்ளே தள்ளிவிடுவாள். எங்கள் வீட்டில் அதற்கு "ஏரோப்ளேன் சோறு" என்று பேர். நான் அவனுக்கு ஆறு வயது மூத்தவள். எனக்கு யாரும் அப்படி ஊட்டவில்லையே என்று உள்ளுக்குள் பொறாமை உண்டு. இப்போது சொல்வதில் என்ன வெட்கம்.

நான் நாலாவது படித்த வருஷம், சாமை அறுத்து, புளி உலுக்குகிற காலத்தில் ஊருக்குள் அம்மை வந்தது. "மணல்வாரி" என்பார்கள், உடம்பெல்லாம் மணலை வாரி இறைத்ததுபோல் சிவந்துவிடும். எங்கள் ஊரில் மட்டும் இல்லை, மலை முழுக்க, கீழே சந்தவாசல் பக்கமெல்லாம் குழந்தைகள் படுத்துக் கிடப்பதாகப் பேச்சு. மலைக்காரர்களுக்கு இதற்கென்று ஒரு முறை இருந்தது. அம்மை கண்ட வீட்டு வாசலில் வேப்பிலை கட்டி, பாதைக்குக் குறுக்கே வேப்பிலைக் கயிறு இழுத்துவிடுவார்கள். அந்த வீட்டில் பெற்றவர்கள் மட்டும் தங்க வேண்டும், மற்றவர்கள் எல்லாம் ஊரைக் காலி செய்துகொண்டு அவரவர் கொல்லையில் இருக்கிற "கொட்டாய்க்கு" போய்விட வேண்டும். அம்மை இறங்கி, தலைக்கு மூன்றாவது தண்ணீர் ஊற்றி முடிகிற வரை யாரும் கயிற்றைத் தாண்டக் கூடாது. வீட்டுக்குள் தாளிக்கக் கூடாது. நோய் கண்ட குழந்தையைப் பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாது, அது அப்போது குழந்தை இல்லை, ஆத்தா. வலிக்கிறது, கஷ்டமாக இருக்கிறது என்று வாய்விட்டுக் குறை சொல்லக் கூடாது. அந்த வீட்டைவிட்டுப் புறப்படுகிறவர்கள் சொல்லிக்கொண்டும் போகக் கூடாது.

சின்னானுக்குக் கண் சிவந்து காய்ச்சல் அடித்த அன்று காலையில், அப்பா என்னைப் பின்பக்கமாக வெளியே விட்டார். திரும்பிப் பார்க்காமல் போ என்றார். அவன் உள்ளே "அக்கா" என்று முனகுவது கேட்டது. "போய்ட்டு வர்றேன்டா" என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்ல விடவில்லை.

அப்பாவின் அக்கா, என் அத்தை, எதிர் மேட்டுக் கொல்லையில் கொட்டாய் போட்டிருந்தாள். அவள் மகள் பொன்னிக்கு என் வயது. பள்ளிக்கூடம் மூடியாகிவிட்டது, மற்றவர்களோடு சேரக் கூடாது, கொட்டாயை ஒட்டியிருந்த வழுக்குப் பாறையைத் தவிர எங்களுக்குப் போக்கிடம் இல்லை. பாறையில் மல்லாந்து படுத்தால் வானம்தான். அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது, நாங்கள் நினைத்ததுபோல் நாளுக்கு இரண்டு ஏரோப்ளேன் இல்லை, ஐந்தாறு போகிறது என்று. மெதுவாக, தாழ்வாகப் போகிற பெங்களூர் ஏரோப்ளேனுக்கு "உறுமி" என்று பேர் வைத்தோம். சீழ்க்கை அடித்துக்கொண்டு சர்ரென்று போவது "சீட்டி". சத்தமே இல்லாமல் உச்சியில் வெள்ளைக்கோடு இழுத்துக்கொண்டு போவது "கோடுகாரன்". கரித்துண்டால் பாறையில் ஒவ்வொன்றுக்கும் ஒரு குறி போட்டோம். யார் முதலில் கண்டுபிடித்தது என்று தினம் சண்டை. "காதுல கேட்டா கணக்கு இல்லடி, கண்ணால பாத்தாதான் கணக்கு" என்று பொன்னி சட்டம் வைத்தாள், ஏனென்றால் எனக்குக் காது கூர்மை, அவளுக்குக் கண். மேகத்துக்குள் போய்விட்ட சீட்டியை அவள் கணக்கில் சேர்க்க விடாததற்காக நான் அவளைக் கடித்தே விட்டேன்.

"புளி பொறுக்குங்கடின்னு வுட்டா இன்னாத்த பொறுக்குதுங்க பாரு! மேலயே பாத்துக்கினு இருங்க, கழுத்து சுளுக்கிக்கினா நான் எண்ணெ தேய்க்க மாட்டேன்" என்று அத்தை கத்துவாள். கத்திவிட்டு, உறுமி வருகிற நேரத்தில் அவளும் முறத்தை வைத்துவிட்டு நெற்றியில் கையைக் குவித்துக்கொண்டு நிற்பாள். கேட்டால் வெயில் பார்க்கிறாளாம்.

மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, உறுமி தலைக்கு மேலே போய்க்கொண்டிருந்தபோது தற்செயலாகப் பள்ளத்துக்கு அந்தப் பக்கம் பார்த்தேன். எங்கள் வீட்டு வாசல் அங்கிருந்து தெரியும். முகம் தெரியாது, நிறம் தெரியும். மஞ்சள் சேலையில் அம்மா வெளியே வந்தாள். இடுப்பில் சிவப்புத் துணி போர்த்திய ஒரு மூட்டை. மூட்டை மேலே பார்த்தது. அந்த உடம்போடும், கண் கூசக் கூச, உறுமல் கேட்டதும் "பேன்" கேட்டிருக்கிறான் என் தம்பி! நான் பாறைமேல் குதித்துக் கத்தப் போனேன், அத்தை பாய்ந்து வந்து என் வாயைப் பொத்தினாள். "அந்த வூட்ட பாத்து கூப்புடாதடி, பாவி, கொரல புடிச்சிக்கினு இங்க வந்துடுவா ஆத்தா." அதனால் கையை மட்டும் ஆட்டினேன். அம்மா பார்த்துவிட்டாள். சிவப்புத் துணிக்குள்ளிருந்து ஒரு சின்னக் கையை எடுத்து எனக்கு ஆட்டிக் காட்டினாள்.

அதற்கப்புறம் அது விளையாட்டு இல்லை. கீழ்த் தெருவில் ஒரு குழந்தை போய்விட்டது என்று அத்தை யாரிடமோ குசுகுசுத்ததைக் கேட்டிருந்தேன், அடுத்த வாரம் இன்னொன்று. சின்னான் இருக்கிறானா என்று எனக்குச் சொல்ல ஆள் இல்லை, கேட்கவும் கூடாது. உறுமி வந்தால் சின்னான் வருவான், வந்தால் இருக்கிறான் என்று அர்த்தம். விடிந்ததிலிருந்து கிழக்கே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். சில நாள் தாமதமாகும், அப்போதெல்லாம் அத்தை கூப்பிட்டாலும் சோற்றுக்கு எழுந்து போகமாட்டேன். காலையில் பார்த்தால் சாயந்தரம் வரைக்கும் நிம்மதி, சாயந்தரம் பார்த்தால் மறுநாள் காலை வரைக்கும். அந்த ஏரோப்ளேனை ஓட்டுகிறவர் யாரோ, மகராசன், அவருக்கு நான் மனசுக்குள் போட்ட கும்பிடு கொஞ்சமில்லை.

ஒரு நாள் காலை உறுமி வந்தது. வாசலுக்கு யாரும் வரவில்லை. உறுமி மேற்கே போய் மறைந்து, சத்தமும் அடங்கியது. "தூங்கறானோ இன்னாவோ" என்றாள் பொன்னி. சாயந்தரமும் வந்தது, வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை, தாழ்வாகத்தான் போனது. வாசல் காலியாகவே இருந்தது. மறுநாள் காலையும் அப்படியே. பொன்னி அன்றைக்குக் கரித்துண்டைக் கையில் எடுக்கவில்லை.

நான் எழுந்து ஓடினேன். அத்தை பின்னால் கூவினாள், "ஏய் செல்வி, நில்லுடி, கயித்த தாண்டாத!" சரிவில் விழுந்து எழுந்து, ஓடையைக் கடந்து, முட்டியில் ரத்தத்தோடு வேப்பிலைக் கயிற்றுக்கு அடியில் குனிந்து புகுந்து, "சின்னான்!" என்று கத்திக்கொண்டே கதவைத் தள்ளினேன்.

உட்கார்ந்திருந்தான். வேப்பிலைமேல், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, புளியங்கொட்டைகளை அடுக்கி விளையாடிக்கொண்டிருந்தான். காய்ச்சல் இறங்கி உடம்பு கருத்து உரிந்துகொண்டிருந்தது. எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வது! பேர் சொல்லிக் கூப்பிட்டதற்காக அம்மா முதுகில் ஒரு அறை விட்டாள், அது உறைக்கவே இல்லை. "ஏம்மா ரெண்டு நாளா வெளிய வர்ல?" என்று அழுதேன். "அவன் பேன் கேக்கல, நான் தூக்கல" என்றாள் அம்மா.

நான் மறுபடி மறுபடி கூப்பிட்டும் அவன் திரும்பவில்லை. நானே சொன்னேன், வேறு யாரும் இல்லை, நானேதான் சொன்னேன்: "சொல்லாம போய்ட்டேன்ல, அதான் எம்மேல கோச்சிக்கினு இருக்கான்." அப்பா சிரித்தார். அம்மா சிரித்தாளா என்று ஞாபகம் இல்லை. காதிலிருந்து சீழ் வடிந்ததற்கு, ஆத்தா இறங்குகிறாள் என்று வேப்பிலையால் துடைத்தார்கள்.

கயிற்றைத் தாண்டியவளை யார் வெளியே விடுவார்கள்? அங்கேயே இருந்தேன், எனக்கும் அம்மை வந்தது. சின்னானுக்கு அந்த வாரமே மூன்றாவது தண்ணீர் ஊற்றிக் கதவைத் திறந்திருக்கலாம். என்னால் வீடு இன்னும் மூன்று வாரம் மூடிக் கிடந்தது. கண்ணைத் திறக்க முடியாமல் இருட்டில் கிடந்தேன். உறுமி வந்து போவது கேட்கும். "பேன்" என்று யாரும் கேட்பதில்லை. இன்னும் கோபம் தீரவில்லை போல என்று நினைத்துக்கொள்வேன்.

எனக்கு மூன்றாவது தண்ணீர் ஊற்றிய அன்று கயிற்றை அறுத்தார்கள். ஈரத்தலையோடு வாசலில் உட்கார்ந்திருந்தேன், பக்கத்தில் சின்னான் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தான். உறுமி வந்தது. மலையெல்லாம் அதிர வந்தது. அவன் குனிந்த தலை நிமிரவில்லை. "பேன்டா, பேன்" என்றேன். தலைக்கு நேர் மேலே வந்துவிட்டது. அவன் முகவாய்க்கடியில் விரலை வைத்து முகத்தை மேலே நிமிர்த்தினேன். பார்த்தான். பார்த்ததும் அப்படி ஒரு சிரிப்பு, பழைய சிரிப்பு, இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு குதித்தான். கோபமாக இருக்கிற பிள்ளை அப்படிச் சிரிக்குமா? உள்ளே திரும்பிப் பார்த்தேன். அம்மா கதவில் சாய்ந்துகொண்டு முந்தானையை வாயில் திணித்திருந்தாள்.

அவளுக்கு முன்னமே தெரிந்திருக்கும் என்றுதான் இப்போது தோன்றுகிறது. ஆத்தா இருக்கிற வீட்டில் குறை சொல்லக் கூடாதே.

மறுநாளே அப்பா அவனைத் தோளில் போட்டுக்கொண்டு சந்தவாசலுக்கு இறங்கி, பஸ் பிடித்து ஒரு டாக்டரிடம் காதைக் காட்டினார். "கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா பாத்திருக்கலாம்" என்றாராம் அவர், நல்ல மனிதர், மெதுவாகத்தான் சொன்னாராம். அந்தக் கொஞ்சம் என்பது எத்தனை நாள் என்று அப்பா கேட்கவில்லை. நான் இன்றுவரை கேட்டுக்கொண்டிருக்கிறேன். உன்மேல் தப்பில்லை என்று எத்தனையோ பேர் சொல்லிவிட்டார்கள், சின்னப் பிள்ளை உனக்கென்ன தெரியும் என்கிறார்கள். தெரியாதுதான். இருந்தாலும் கயிற்றைத் தாண்டியது என் கால், கோபம் என்று சொன்னது என் வாய்.

சின்னானுக்குப் பேச்சும் அதோடு நின்றது. நாங்களாகக் கைப்பேச்சு ஒன்று உண்டாக்கிக்கொண்டோம். உள்ளங்கையைத் தட்டையாக்கி நெற்றிக்கு முன்னால் சாய்வாக ஓட்டினால் ஏரோப்ளேன். பொன்னியின் சட்டப்படி பார்த்தால் அவனை மிஞ்ச ஆள் இல்லை. எங்கள் கண்ணுக்கு எட்டாத கோடுகாரனை எல்லாம் அவன் பிடித்துவிடுவான்.

கட்டிக்கொடுத்து நான் செங்கத்துக்கு வந்து வெகு காலம் ஆகிறது. கொரோனா வந்த வருஷம் புளிக்காகத் தம்பி வீட்டுக்குப் போனவள், ஊரடங்கில் அங்கேயே மாட்டிக்கொண்டேன். ஊர் எல்லையில் பையன்கள் மூங்கிலைக் குறுக்கே கட்டினார்கள். இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ சின்னான் வந்து உள்ளங்கையை நெற்றிக்கு முன்னால் ஓட்டி, அப்புறம் கையை விரித்தான்: எங்கே? எனக்கு அதுவரை உறைக்கவே இல்லை. உறுமி எல்லாம் எப்போதோ ஒழிந்துவிட்டது, இப்போது போவதெல்லாம் எட்டாத உயரத்தில் போகிறது, சத்தம் என் காதுக்கே சரியாக எட்டுவதில்லை. அதனால் நின்றுபோனதும் எனக்குத் தெரியவில்லை. கதவில் வேப்பிலை கட்டுவதுபோல் செய்து காட்டி, இரண்டு கையையும் அகல விரித்தேன், உலகம் முழுக்க என்று. புரிந்தது என்று தலையாட்டினான். அப்புறமும் தினம் காலையில் வாசலில் உட்கார்ந்து கிழக்கே பார்ப்பான். இருக்கிறதோ இல்லையோ என்று பார்க்கிற அந்தப் பார்வை எனக்குத் தெரியாதா? நாற்பத்தைந்து வயது ஆம்பளையை அப்படிப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

இரண்டு மாதம் போல ஆகியிருக்கும். உள்ளே சாமை புடைத்துக்கொண்டிருந்தேன். ஒரு சத்தமும் இல்லை. சின்னான் ஓடி வந்து கையைப் பிடித்து இழுத்தான், முறம் கொட்டியது, திட்டிக்கொண்டே போனேன். வாசலில் என்னை நிறுத்தினான். நான் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தேன் போல. என் முகவாய்க்கடியில் விரலை வைத்து முகத்தை மேலே நிமிர்த்தினான்.

போய்க்கொண்டிருந்தது, வெள்ளையாகக் கோடு இழுத்துக்கொண்டு. எனக்குக் கண்ணில் நீர் மறைத்துச் சரியாகத் தெரியவில்லை. அவன் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தான்.