சதுப்பில் துணி துவைத்த மார்கழி

நான் வேலை செய்யும் கொடைக்கானல் விடுதியில் ஈர விரிப்புகளிலிருந்து சோப்பு வாசனை எழும்போதெல்லாம், இந்தக் கட்டடத்துக்கு அடியில் புதைந்துபோன சதுப்பும், பனியில் அதன் சேற்றுக்குள் நீண்ட அலகை நுழைத்து மேய்ந்த உள்ளான் குருவிகளும், தன் தங்கையை இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலேயே விட்டுவிட்டு வந்த அம்மாவின் முகமும் சேர்ந்தே நினைவுக்கு வருகின்றன.

"துணிய அடிக்காதீங்க புள்ளைகளா, கசக்குங்க. சத்தத்துல குருவிக மேயாம பறந்துரும். அதுக கடல் தாண்டிப் போகணும்" என்பாள் அம்மா, சதுப்போரம் எங்களோடு துவைக்கும் பெண்களிடம்.

"ஒன் தங்கச்சி வீட்டு விருந்துக்கா போகுதுக?" என்று அப்பா சீண்டுவார்.

"போகட்டுமே. அதுகளாச்சும் அவளப் பாக்கட்டும்."

சதுப்பை மூடிய வருடம், வெறும் மண்மேட்டைச் சுற்றிவிட்டுப் போன பறவைகளை அம்மா வெகுநேரம் பார்த்து நின்றாள். சித்தியைக் கடைசிவரை பார்க்கவில்லை.

மார்கழியில் நான் இன்றும் துணியை அடித்துத் துவைப்பதில்லை.