இரண்டு விரல் அகலக் கதவு

கட்டிங் மாஸ்டருக்குத் துணி வெட்டத் தெரியும் என்பதை எல்லோரும் ஒப்புக்கொள்வார்கள். மற்றதெல்லாம் தெரியும் என்பதை அவர் ஒருவர்தான் ஒப்புக்கொள்வார்.

யாரோ ஒருவர் பழைய பலகைகளை வைத்து ஐந்தே நிமிடத்தில் அலமாரி செய்வதை என்றைக்குச் செல்போனில் பார்த்தாரோ, அன்றைக்குப் பிடித்தது பித்து. "செலவே இல்ல. எல்லாம் வீட்டுல கிடக்கிற சாமான்" என்று ஆரம்பித்தார். கோட்டுக்கு உள்ளே கொடுக்கும் லைனிங் துணி, கூடத்து விளக்குக்கு உறையானது. விளக்கைப் போட்டால் வீட்டில் இருப்பவர்கள் அத்தனை பேரும் காய்ச்சலில் கிடப்பவர்கள் மாதிரி தெரிந்தார்கள். காலியான நூல் உருளைகளைச் சுவரில் ஒட்டிக் கொக்கிகளாக்கினார். சட்டையை மாட்டினால் சட்டையும் கொக்கியும் கைகோத்துக்கொண்டு தரைக்கு வந்தன.

"அது அழகுக்கு வச்சது. அதுல போய் சட்டைய மாட்டுவாங்களா?" என்று எரிந்து விழுந்தார்.

அவருடைய கோளாறு கையில் இல்லை, தொழிலில் இருந்தது. தையலுக்கு வெட்டும்போது அளவுக்கு மேல் இரண்டு விரல் விட்டுத்தான் வெட்ட வேண்டும். பிள்ளை வளர்ந்தால் பிரித்துவிடலாம், மிஞ்சினால் உள்ளே மடித்துத் தைத்துவிடலாம். இருபது வருடப் பழக்கம். பலகையையும் அப்படியே வெட்டினார். பலகையை எப்படி மடிப்பது? சமையலறை மூலைக்கென்று செய்த அலமாரி மூலைக்குள் நுழையாமல் நடைவழியில் நின்றுகொண்டு, போகிற வருகிறவர்களின் கால்விரலைப் பதம் பார்த்தது.

இதையெல்லாம் வீட்டில் பொறுத்துக்கொண்டார்கள். மகளின் அறை விஷயம் அப்படி இல்லை.

அவளுக்குப் பதினேழு வயது. பள்ளி இறுதித் தேர்வுக்கு இரண்டே மாதம் இருந்தது. வீட்டில் இருந்ததோ ஒரு படுக்கையறை, ஒரு கூடம். கூடத்தில் டிவி, அப்பாவின் தையல் மிஷின், நடுவில் அவள். அவள் கேட்டது ஒன்றே ஒன்று: "மூடுற மாதிரி ஒரு கதவு வேணும்பா. வேற ஒண்ணும் வேணாம்."

மாஸ்டர் களத்தில் இறங்கினார். பார்சல் பெட்டிப் பலகைகளைக் கொண்டுவந்து கூடத்தின் ஒரு மூலையை மறைத்துத் தடுப்புச் சுவர் எழுப்பினார். மேலே சாம்பிள் துணிகளைக் கட்டம் கட்டமாக ஒட்டினார். பொய் சொல்லக் கூடாது, பிரமாதமாக இருந்தது. பலகை இரண்டு விரல் மிஞ்சினாலும் பழைய சுவர்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது.

கதவு அப்படி எங்கும் ஏறி உட்கார முடியாதே. இரண்டு விரல் அகலம் கூடிப்போய், நிலைக்குள் போகாமல் திறந்தே நின்றது. அதற்கு அவர் பச்சை பெயிண்ட் அடித்தார். கைப்பிடி வைத்தார். கைப்பிடிக்கு உறைகூடத் தைத்துப் போட்டார். மூடுவதற்கு மட்டும் ஒன்றும் செய்யவில்லை.

"ஈரம் ஏறியிருக்கு. வெயில் அடிச்சா சுருங்கிடும்" என்றார் முதல் வாரம். "காத்தோட்டம் வேணுமில்ல?" என்றார் அடுத்த வாரம். மருந்துக்கடையில் வேலை பார்க்கும் மனைவி, "கார்பென்டர் ஒருத்தரக் கூப்பிடுங்க, அஞ்சு நிமிஷ வேலை" என்று சொன்னதற்கு மூன்று நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

மூன்றாம் வாரம், ஒரு விடுமுறை நாள் மதியம். கதவிடுக்கில் தலையை நீட்டி, "டீ போடட்டுமாம்மா?" என்றார். அது அன்றைக்கு நாலாவது தடவை. மகள் புத்தகத்தைப் படீரென்று மூடினாள். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது.

"உனக்கு இந்தக் கதவு மூடவே வேணாம்பா. அதான் விஷயம்."

மாஸ்டர் திரும்பி மனைவியைப் பார்த்தார், பரிந்து பேசுவாள் என்று.

"இருபது வருஷத்துல உங்க கையில ஒரு காலர் கோணினதில்ல" என்றாள் அவள். "இது மட்டும் எப்படிங்க சரியாவே வர மாட்டேங்குது?"

மாஸ்டர் கதவிடுக்கைப் பார்த்தார். அந்த இடுக்கு வழியாக மகளின் குனிந்த தலையும், பேனாவைக் கடித்துக்கொண்டு அவள் யோசிப்பதும் தெரியும். மிஷினில் உட்கார்ந்தபடியே பார்த்துக்கொண்டிருப்பார். அது அவருக்குப் பிடித்திருந்தது. அடுத்த வருடம் வெளியூரில் படிக்கப் போய்விடுவாள் என்ற பயமும் இருந்தது. மூன்று வாரமாக ஈரத்தின் மேலும் காற்றின் மேலும் பழி போட்டதை நினைத்து வெட்கமாக இருந்தது.

கதவைக் கழற்றினார். இரண்டு விரல் உள்ளே தள்ளித் தையல் சாக்பீஸால் கோடு போட்டு, அந்தக் கோட்டின் மேலேயே ரம்பத்தை வைத்தார். கோடு தப்பவில்லை. மாட்டி முடித்ததும் மகள் உள்ளே போய் இழுத்தாள். கதவு நிலைக்குள் கச்சிதமாகப் போய் உட்கார்ந்தது.

"நல்லா மூடுதுப்பா!" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. இத்தனை நாளில் அவள் இவ்வளவு சந்தோஷமாகப் பேசி அவர் கேட்டதில்லை.

மாஸ்டர் வெளியே கையில் ரம்பத்தோடு நின்றார்.

"எங்க, திறக்குதான்னு ஒரு தடவ திறந்து பாரும்மா."

"படிச்சு முடிச்சிட்டு திறக்கிறேம்பா."