ஒரு குழிக்கு ஒரு கன்று

என் மனைவிக்குத் தெரிந்த இந்தி மொத்தம் ஏழெட்டுச் சொற்கள்தான். சாப்பிடு, வா, குளி, தூங்கு, அழாதே. அவற்றை மட்டும் வைத்துக்கொண்டு அவள் எங்கள் மகளை வளர்க்கும்படி செய்தவன் நான்.

மகளுக்கு நாலு வயதில் பேச்சு திக்கத் தொடங்கியது. வீட்டில் தமிழ், வெளியே பக்கத்து வங்காளிக் குழந்தைகளோடு இந்தி. 'அம்மா' என்று கூப்பிட வாயைத் திறந்தால் முதல் எழுத்திலேயே நின்றுவிடுவாள். கண்ணை இறுக மூடிக்கொள்வாள். நான் அப்போது இந்தத் தீவில், சிப்பிகாட் என்ற ஊரில் விவசாய அதிகாரி. முதுகலை படித்தவன். பப்பாளிக்குக் குழிக்கு மூன்று கன்று வைத்து, பூத்ததும் ஒன்றை நிறுத்திவிட்டு மற்ற இரண்டையும் பிடுங்கச் சொல்வது என் வேலை. பிள்ளையின் வாயையும் அப்படி ஒரு குழியாகத்தான் பார்த்தேன். பள்ளிக்கூடத்துக்கு இந்தி வேண்டும். ஆகவே தமிழைப் பிடுங்கிவிடலாம் என்று முடிவு செய்தேன். யாரையும் கேட்கவில்லை.

ராமநாதபுரம் பக்கத்துக் கிராமத்திலிருந்து கல்யாணமாகிக் கப்பலேறி வந்தவள் என் மனைவி. "எனக்குத் தெரிஞ்ச பாஷையில பேசக்கூடாதுன்னா, நான் புள்ளகிட்ட என்னத்தைங்க பேசுறது?" என்றாள்.

"தெரிஞ்ச வரைக்கும் பேசு. ஒரு வருஷத்துல பழகிடும்."

"நாய்க்குட்டிகிட்டகூட நான் இதைவிட அதிகமாப் பேசுவேன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நானும் சிரித்தேன்.

ஒருநாள் மழையால் சீக்கிரம் வீடு திரும்பினேன். துணி துவைக்கும் கல்லருகே இருவரும் தமிழில் பேசிக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் மகள் எட்டித் தன் அம்மாவின் வாயைக் கையால் பொத்தினாள். அன்று அவள் திக்கினாளா இல்லையா என்றுகூட நான் கவனிக்கவில்லை. கத்தினேன். அதற்குப் பிறகு அந்த வீட்டில் தாயும் மகளும் பேசி நான் கேட்டதில்லை.

ஏழு வயதுக்குள் திக்கல் மெல்ல மெல்ல மறைந்தது. என் வைத்தியம் பலித்ததாக முப்பது வருஷம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். சௌல்தாரியில் ஒரு தமிழ்க் குடும்பத்துக்கும் இதையே யோசனையாகச் சொன்னேன். அவர்கள் கேட்டார்களா என்று தெரியவில்லை. கேட்டிருக்கக் கூடாது.

மூன்று வருஷத்துக்கு முன் மனைவி தன் கடைசி நாட்களில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் தமிழில் பேசினாள். நர்ஸாக வேலை பார்க்கும் மகள், எல்லா நோயாளிகளின் பேச்சையும் எப்படியோ புரிந்துகொள்கிறவள், என் பக்கம் திரும்பி, "பப்பா, அம்மா என்ன சொல்றாங்க?" என்று இந்தியில் கேட்டாள். மகள் பிறந்த அன்று பெய்த மழையைப் பற்றி, பிறகு அவளோடு பேச நினைத்துப் பேசாமல் விட்டவற்றைப் பற்றி மனைவி சொல்லிக்கொண்டிருந்தாள். "சாப்பிட்டியான்னு கேக்குறா" என்றேன்.

போன வருஷம் பேத்திக்குத் திக்கல் வந்தது. அவளுக்கும் நாலு வயது. பேச்சுப் பயிற்சி தரும் இளம்பெண்ணிடம் மகள் போனாள். நானும் கூடப் போனேன். அந்தப் பெண் பொறுமையாகச் சொன்னாள்: இரண்டு மூன்று மொழி பேசுவதால் திக்கல் வராது, எதையும் நிறுத்த வேண்டாம். நிறையக் குழந்தைகளுக்குத் தானாகவே போய்விடும், ஆனாலும் தொடர்ந்து கூட்டி வாருங்கள். 'மெதுவாப் பேசு' என்று அவளிடம் சொல்லாதீர்கள், நீங்கள் மெதுவாகப் பேசுங்கள். சொல்லை எடுத்துக் கொடுக்காதீர்கள். முகத்தைப் பார்த்துக்கொண்டு, அவளே முடிக்கும்வரை காத்திருங்கள்.

தானாகவே போய்விடும் என்றதும் மகள் என்னைப் பார்த்தாள். திரும்பும்போது ஆட்டோவில், "அப்போ அம்மாவைச் சும்மாதான் ஊமையாக்கினீங்க" என்றாள்.

அப்போது மகளுக்குக் கார் நிக்கோபார் தீவுக்கு மாற்றல் வந்திருந்தது. மருமகனுக்குக் கடல் தாண்டி மெயின்லேண்டில் வேலை. பிள்ளையை என்னிடம் விட்டுப் போவதாகத்தான் பேச்சு. தனியாகக் கிடந்த எனக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது.

கிளம்ப ஒரு வாரம் இருக்கையில் ஒரு மாலை பேத்தி என்னிடம் வந்து நின்றாள்; தாத்தாவை இந்தியில் சொல்வதுபோல் 'நானா' என்றுதான் அவள் என்னைக் கூப்பிடுவாள். வாயைத் திறந்தாள். முதல் எழுத்து வரவில்லை, முகம் சிவந்தது. அவள் படும் பாட்டைப் பார்க்க முடியாமல், "தண்ணியா கண்ணு?" என்று கேட்டுவிட்டேன். அந்தப் பயிற்சிப் பெண் காத்திருக்கச் சொல்லி ஒரு மாதம்கூட ஆகவில்லை. அவள் சற்று நின்று தலையாட்டினாள். டம்ளரில் கொடுத்தேன். முழுவதையும் குடித்துவிட்டு நொண்டிக்கொண்டு போனாள். நொண்டியதையும் விளையாட்டென்று நினைத்தேன்.

டியூட்டி முடிந்து வந்த மகள்தான் பிள்ளையின் பாதத்தில் கண்ணாடிச் சில்லைப் பார்த்தாள். சில்லை எடுத்துக் கட்டுப் போட்ட பின், "நானாகிட்ட ஏன் சொல்லலை?" என்று கேட்டுவிட்டுக் காத்திருந்தாள். பேத்தி திக்கித் திக்கிச் சொல்லி முடித்தாள்: "நானா தண்ணி குடுத்தார்."

மகள் கோபப்படவில்லை. மறுநாள் போய், கப்பலில் பிள்ளைக்கும் ஒரு டிக்கெட் எடுத்துவந்தாள். "பப்பா, இவளை நான் கூட்டிட்டுப் போறேன்" என்றாள். விட்டுப் போ என்று நான் கேட்கவில்லை. எதைச் சொல்லிக் கேட்பது?

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் போன் வரும். அங்கே சிக்னல் சரியாக இருப்பதில்லை. மகள் போனைப் பேத்தியிடம் கொடுப்பாள். பிறகு சத்தமே இருக்காது. லைன் அறுந்துவிட்டதா, பிள்ளை ஒரு சொல்லோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறாளா என்று இங்கிருந்து தெரியாது. முன்பு, "ஹலோ, ஹலோ" என்று கத்தியிருப்பேன். இப்போது காதில் வைத்தபடி பேசாமல் இருக்கிறேன். சில வாரம் அவள் குரல் வரும். சில வாரம் காதிலிருந்து எடுத்துப் பார்த்தால் லைன் எப்போதோ அறுந்திருக்கும்.