கண்ணாடிப் பட்டையில் ஒரு துளை

கல்யாணமான புதிதில், ராசிபுரத்தில் எங்கள் வீடேதான் தறிக்கூடம். தறிக்கு வெளிச்சம் வரட்டுமென்று மேற்குச் சுவரில் இரண்டு கண்ணாடிகளைச் சேர்த்துச் சன்னல் வைத்திருந்தார்கள். மழை பெய்தால் அந்தக் கண்ணாடிகள் சேருமிடத்தில் நீர் கசிந்து, தறியில் நீளவாக்கில் பூட்டிய பட்டு நூல் பாவில் சொட்டும்.

ஐப்பசிக்கு முன்னால் என் கணவர், பஸ்ஸுக்குக் கண்ணாடி மாட்டும் தகர வேலைக்காரரை அழைத்து வந்தார். அவர் தகட்டை மடித்து, இரண்டு கண்ணாடிகளையும் கவ்விப் பிடிக்கும் பட்டை ஒன்று செய்தார். கசியும் நீர் இறங்க அதன் நடுவே பள்ளம் இருந்தது. ஆனால் அடிமுனை மூடியிருந்தது.

"ஏனுங்கண்ணா, உள்ள எறங்குற தண்ணி எங்க போகுமுங்க?" என்று கேட்டேன்.

பட்டையைத் திருப்பிப் பார்த்தவர் சிரித்துவிட்டார். "அட, அதை மறந்துட்டனுங்க அம்மணி!" ஆணியை வைத்துத் தட்டி, நீர் வெளியே போகும்படி அடியில் ஒரு துளை போட்டு, பட்டையைச் சன்னலில் மாட்டினார்.

மூன்றாம் நாள் மதியம் மழை கொட்டியது. நான் சன்னலுக்குக் கீழே கையை நீட்டியபடி நின்றேன். ஒரு சொட்டுகூட விழவில்லை. துளை வழியே நீர் வெளிச்சுவரில் வழிந்துகொண்டிருந்தது.

"நல்ல வேளை, நீ கேட்ட" என்றார் கணவர், நெய்துகொண்டே. அதை அந்த வேலைக்காரர் இருக்கும்போதே சொல்லியிருக்கலாம். ஆனாலும் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.