பஸ் தகரத்தில் தட்டிய தாளம்

போன வருடம் மாசி மாதம், ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் நடந்தது இது. நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். நாலு பேர் முன்னால் பேசவே வராது. ராஜபாளையத்தில் எங்கள் தெருக்கோடிக் கடைக்குப் போவதென்றால்கூட மகனைத்தான் அனுப்புவேன். இதை எழுதுவதற்கே கூச்சமாகத்தான் இருக்கிறது.

மகன் பஞ்சு மில்லில் ஃபிட்டர். நாற்பது தாண்டிவிட்டது. கல்யாணம் தள்ளித் தள்ளிப் போய், கடைசியில் அவனே வேண்டாம் என்று விட்டுவிட்டான். வீட்டில் நானும் அவனும்தான். அவனுக்கு இருந்த ஒரே பைத்தியம் ஒரு பாட்டுக் குழு. ஹங்கேரி நாட்டுக்காரர்கள் மூன்று பேர். ராக் பாட்டு என்பான். கிடாரும் டிரம்மும் கூரை மேல் கல் விழுவதுபோல இருக்கும். அவர்கள் நாட்டில் அந்தப் பாட்டு தெரியாத ஆள் இல்லையாம். எல்லையைத் தாண்டினால் கேட்க ஆளே இல்லையாம். "இங்கிலீஷ்ல பாடியிருந்தா உலகமே கேட்டிருக்கும்மா. பாடுனா எங்க பாஷையிலதான்னு இருந்துட்டாக" என்று அவர்களுக்காக இவன் வருத்தப்படுவான்.

வேலை முடிந்து வந்ததும் ஸ்பீக்கரைப் போட்டுவிடுவான். எங்கள் சுவருக்கு அந்தப்புறம் பேண்டேஜ் துணி நெய்கிற தறி ஷெட். இந்தப்புறம் இவன் பாட்டு. நடுவில் நான். "குறைலே, காது போவுது" என்று நாள் தவறாமல் சொல்வேன். ஆனால் கேட்டுக் கேட்டு ஒரு பாட்டின் தொடக்கம் மட்டும் எப்படியோ என் கைக்குள் புகுந்துவிட்டது. டிரம்மில் மூன்று தட்டு, ஒரு மூச்சு விடும் நேரம், பிறகு இரண்டு தட்டு. அதற்குப் பதில் சொல்வதுபோல டிரம் கடகடவென்று உருண்டு வரும். அரிசி புடைக்கும்போது முறத்தில் என் விரல் அதையே தட்டும். மகன் பார்த்துவிட்டுச் சிரிப்பான்.

அந்தக் குழுவுக்கு அவன் போனில் எழுதிக்கொண்டே இருப்பான். அவர்களும் பதில் போடுவார்கள். பெங்களூருக்குக் கச்சேரிக்கு வருகிறோம், முடிந்ததும் சென்னை வந்து ரயில் ஏறி உன் வீட்டுக்கு வருகிறோம், அன்று சாயங்காலமே மதுரையில் விமானம் என்று எழுதியிருந்தார்கள். மகன் லீவு கேட்டான். எதற்கு லீவு என்றவர்களிடம் உள்ளதைச் சொல்லிவிட்டான். அவ்வளவுதான், மில் முழுக்கக் கேலி. தறி ஷெட்காரரும் தன் பங்குக்கு, "மதினி, வெள்ளைக்காரனுக்கு எலையில போடுவீயளா, தட்டுல போடுவீயளா?" என்று சுவருக்கு மேல் எட்டிப் பார்த்துக் கேட்டார்.

அன்று விடியற்காலை தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு மகன் ராஜபாளையம் ஸ்டேஷனுக்குப் போனான். நான் இருட்டோடு எழுந்து இட்லியும் கறிக்குழம்பும் வைத்தேன். அவர்கள் வராமல் போனால் மில்லில் இவன் எப்படித் தலைகாட்டுவான் என்பதுதான் எனக்குள் ஓடிக்கொண்டே இருந்தது.

தனியாகத் திரும்பி வந்தான். ரயிலில் இருந்து அவர்கள் இறங்கவில்லை. அவர்களுடைய போனுக்கும் லைன் கிடைக்கவில்லை. கூட வேலை பார்ப்பவர்கள் விசாரிக்கிற சாக்கில் கூப்பிட ஆரம்பிக்கவும், தன் போனை அணைத்துப் போட்டான். "நம்மளத் தேடி யாரும்மா அம்புட்டுத் தூரம் வாராக. லீவு எதுக்கு வீணா" என்று இட்லியைத் தொடாமல் வேலைக்குக் கிளம்பிவிட்டான்.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்தேன். குழம்பைத் திறந்து பார்த்தேன், மூடினேன். வெயில் ஏறிய பிறகு தறி ஷெட்காரர் பைக்கில் வந்து இறங்கினார். "மதினி, வில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டுல மூணு வெள்ளைக்காரனுவ, பொம்பள கணக்கா முடி வளத்துக்கிட்டு, பால்கோவா தின்னுக்கிட்டு இருக்கானுவ. ஒங்க வீட்டு விருந்தாளியோ என்னமோ" என்று சிரித்தார். கேலிக்குத்தான் சொன்னார்.

ரயில் ஸ்ரீவில்லிபுத்தூரில் நின்றுவிட்டுத்தான் ராஜபாளையம் வரும். எங்கள் ஊர்ப் பெயர்கள் அவர்களுக்கு எல்லாம் ஒரே நீளம். ஒரு ஸ்டேஷன் முன்னால் இறங்கியிருந்தால்? மகனுக்குச் சொல்ல வழியில்லை. ஷெட்காரரிடம் உதவி கேட்க வாய் வரவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு நானே போய்ப் பஸ் ஏறிவிட்டேன்.

அந்தப் பஸ் கை காட்டிய இடமெல்லாம் நின்றது. முன் சீட்டுக் கம்பியைப் பிடித்த பிடியை நான் விடவில்லை. போயிருப்பார்களோ என்று ஒரு பயம். இருந்தால் என்ன பேசுவது என்று அதைவிடப் பெரிய பயம்.

இறங்கிப் பார்த்தால் பால்கோவா கடை வாசலில் அவர்கள் இல்லை. பஸ் ஸ்டாண்டைச் சுற்றி ஓடினேன். புறப்படத் தயாராக உறுமிக்கொண்டிருந்த மதுரை பஸ்ஸின் ஜன்னல் ஓரத்தில் மூன்று கறுப்புச் சட்டைகள். மகன் வீட்டுச் சுவரில் ஒட்டி வைத்திருந்த படத்தில் இருந்த அதே முகங்கள், கொஞ்சம் வயதாகி. மகன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். இன்ஜின் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை. கத்திப் பழகாத தொண்டை. ஒருவர் என்னைப் பார்த்தார். ஏதோ விற்க வந்தவள் என்று நினைத்து, வேண்டாம் என்று கையை ஆட்டிவிட்டுத் திரும்பிக்கொண்டார்.

கண்டக்டர் விசில் ஊதினார். பஸ் நகர்ந்தது. எனக்கு என்ன தோன்றியதோ, பஸ்ஸின் பக்கத்துத் தகரத்தில் உள்ளங்கையால் ஓங்கித் தட்டினேன். மூன்று தட்டு. ஒரு மூச்சு. இரண்டு தட்டு.

டிரைவர் பிரேக் போட்டார். கண்டக்டர் படியில் தொங்கியபடி, "ஆச்சி, ஏறணும்னா ஏறுங்க. வண்டிய எதுக்கு அடிக்கீய?" என்றார். எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. காதெல்லாம் சூடாகிவிட்டது. ஆனாலும் மறுபடி தட்டினேன். மூன்று. ஒரு மூச்சு. இரண்டு.

உள்ளேயிருந்து பதில் வந்தது. கடகடவென்று, ஜன்னலுக்குக் கீழே தகரத்தில், அந்த டிரம் உருண்டு வருகிற அதே உருட்டல். தலையை வெளியே நீட்டி, நரைத்த தாடிக்காரர் ஒருவர் மகனின் பெயரைக் கேள்வியாகச் சொன்னார். நான் என் நெஞ்சைத் தொட்டுக் காட்டினேன்.

மூட்டையும் கிடாருமாக இறங்கினார்கள். "சொந்தக்காரவுகளா ஆச்சி?" என்றார் கண்டக்டர். ஆமாம் என்றேன்.

அவர்களோடு நான் தெருவுக்குள் நுழைந்ததைப் பார்த்த தறி ஷெட்காரர் பைக்கைத் திருப்பி, "நான் போயிக் கூட்டியாரேன் மதினி" என்று மில்லுக்குப் போனார். தலைமுடியில் பஞ்சு ஒட்டியபடி மகன் வாசலில் வந்து நின்றான். இலையில் இருந்து எச்சில் கையோடு எழுந்து வந்து அவனைக் கட்டிக்கொண்டார் தாடிக்காரர். ஆளே வராத பெங்களூர்க் கச்சேரிக்குப் பிறகு, ஒரு ஸ்டேஷன் முன்னால் இறங்கியது தெரியாமல், இங்கேயும் ஏமாந்தோம் என்றுதான் நினைத்தோம் என்று அவர் சொன்னதை மகன்தான் எனக்குச் சொன்னான். பிறகு மகன் அந்தப் பாட்டை முழுக்கப் பாடினான், அவர்கள் பாஷையில். பாட்டுக்காரர்கள் மூவரும் பாடவில்லை. சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள்.

சாயங்காலம் அவர்களை மதுரைக்கு வழியனுப்பிவிட்டு வந்த மகன், "இத்தன வருசமா நான் சொல்லி ஒருத்தனும் கேக்கல. நீ பஸ்ஸத் தட்டி ஊரையே திரும்பிப் பாக்க வச்சிட்டியேம்மா" என்றான்.

அந்தப் பாட்டுக்கு அர்த்தம் இன்றுவரை எனக்குத் தெரியாது. இப்போதும் அவன் அதைச் சத்தமாகத்தான் வைக்கிறான், எனக்கும் காது வலிக்கத்தான் செய்கிறது. ஆனால் "குறைலே" என்று சொல்ல வாயெடுத்தால், ஸ்ரீவில்லிபுத்தூரில் அந்தத் தகரம் எனக்குச் சொன்ன பதில் ஞாபகத்துக்கு வந்து, பேசாமல் முறத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறேன்.