காமாரியா எழுதிய மாமியார்

சுங்கை பினாங் அடுக்குமாடியில் காமாரியாவை எல்லாருக்கும் தெரியும். பாதிப் பேருக்குப் பயம். பொதுக் குழாய் சொட்டினால், சொட்டவிட்டவர் வீட்டுக் கதவைத் தட்டிக் கேட்டுவிட்டுத்தான் மாடியேறுவாள். ஆளில்லாத அறையில் மின்விசிறி சுற்றினால் அவளுக்கு நெஞ்சடைக்கும். பள்ளி பஸ் ஓட்டும் அவள் கணவர் ஹபீப் முகம்மது, குளித்துவிட்டு வந்ததும் "ஹீட்டர் அடைச்சிட்டேன்!" என்று கூடத்தைப் பார்த்து அறிவிக்கப் பழகியிருந்தார். கேள்வி வருவதற்குமுன் பதிலைச் சொல்லிவிடுவது நல்லது என்று கல்யாணமான புதிதிலேயே கண்டுகொண்ட மனிதர்.

ஹபீபின் தாயார் நேரெதிர். வாழ்க்கையில் யாரையும் கடிந்து ஒரு சொல் பேசாதவர். எல்லா விளக்கையும் எரியவிட்டு, தொலைக்காட்சியையும் ஓடவிட்டு, சோபாவில் நிம்மதியாகத் தூங்குவார். அந்த வீட்டில் மாமியார் வேலையைப் பார்த்தது மருமகள்தான்.

பள்ளி முடித்ததும் காமாரியா பாயான் லெப்பாஸில் ஒரு சிப் தொழிற்சாலையில் நுண்ணோக்கியைப் பார்த்துக் குறை கண்டுபிடிக்கும் வேலைக்குப் போனாள். குறை கண்டுபிடிக்கச் சம்பளம் தருகிறார்கள் என்பதை அவளால் முதலில் நம்பவே முடியவில்லை. பிறகு மாலை வகுப்பில் கணினி படித்து, ஜோர்ஜ் டவுன் பீச் ஸ்ட்ரீட்டில் ஒரு பழைய கட்டடத்தின் மேல்மாடியில் இருந்த சின்ன நிறுவனத்தில் சேர்ந்தாள். இப்போது நாற்பதைத் தாண்டிவிட்டாள். என்ன வேலை என்று யாராவது கேட்டால், "டேட்டா இன்ஜினியர். ஆபீஸ்லயே நான்தான் கெட்டிக்காரி" என்பாள். அடக்கம் என்ற பொருளை அவள் வீணாகச் செலவழிப்பதில்லை.

மற்ற நிறுவனங்கள் மலைபோலச் சேர்த்து வைத்திருக்கும் தகவல்களை அரைத்துக் கொடுப்பதுதான் அவர்கள் தொழில். அதற்குச் சொந்தக் கணினி போதாது. எங்கோ இருக்கும் கணினிகளை வாடகைக்கு எடுத்து, ஒரு கூட்டமாகக் கட்டி வேலை வாங்க வேண்டும். அந்தக் கூட்டத்துக்குப் பெயர் கிளஸ்டர். வேலை முடிந்ததும் கலைத்துவிட வேண்டும். கலைக்காவிட்டால் அது வேலையே இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கும். அந்த அலுவலகத்தில் யாரும் கலைப்பதில்லை என்பதுதான் காமாரியாவின் தீராத வயிற்றெரிச்சல்.

"போஸ், உங்க கிளஸ்டர் வெள்ளிக்கிழமையிலேருந்து சும்மா ஓடுது."

மேலாளர் சுகுமாரன் தலையைத் தூக்காமலே சொன்னார்: "கிளவுட்லதானே, மேகத்துலதானே ஓடுது காமாரியா, நம்ம தலையிலயா ஓடுது?"

"எந்த மேகம்? சிங்கப்பூர்ல ஒரு கட்டடத்துல லா. அங்க ஒரு மெஷின் உங்களுக்காக வேர்த்துக்கிட்டு நிக்குது."

"சரி, மீட்டிங் முடிஞ்சதும் அடைக்கிறேன்."

சுகுமாரனின் மீட்டிங்குகள் முடிந்ததாக வரலாறு இல்லை. மேசை மேசையாகப் போய்த் திட்டிப் பார்த்தாள். எல்லாரும் தலையாட்டினார்கள். காதில் இயர்போன் இருந்ததால் ஆட்டினார்கள்.

வாய் ஓய்ந்துபோன ஒரு காலையில் அவளுக்கு யோசனை வந்தது. கிளஸ்டர்களைத் திரையில் சொடுக்கிச் சொடுக்கி நடத்தத் தேவையில்லை. அதற்கென்று ஒரு கிளையன்ட் லைப்ரரி இருக்கிறது. லைப்ரரி என்றால் புத்தகமும் தூசியும் இல்லை, மற்றவர்கள் எழுதி வைத்த நிரல் தொகுப்பு. பைதான் என்ற கணினி மொழியில் நாலு வரி எழுதினால், இருக்கிற கிளஸ்டர்களைப் பட்டியலிடு, புதிதாக ஒன்றைக் கட்டு, இதைக் கலை என்று நம் சார்பில் அங்கே போய்ச் சொல்லிவிடும். முகம் சுளிக்காது. மீட்டிங் முடியட்டும் என்று சொல்லாது.

இரண்டே நாளில் எழுதி முடித்தாள். வேண்டிய கிளஸ்டருக்கு 'keep' என்று ஓர் அடையாளச் சீட்டு ஒட்டிவிட வேண்டும். சீட்டு இல்லாதவற்றையெல்லாம் நிரல் கலைத்துவிடும். கலைத்த கையோடு அலுவலகத்தின் பொது அரட்டையில் ஒரு வசவும் போடும். நிரலுக்கு 'மாமியார்' என்று பெயர் வைத்தாள். வசவுகளை எழுதத்தான் நிரலைவிட அதிக நேரம் பிடித்தது.

சீட்டு ஒட்டச் சொல்லி அவள் போட்ட அறிவிப்பைப் படித்து, அப்படியே ஒட்டிய ஒரே ஆள் கோகிலன். கெலுகோர் பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு வேலைக்கு வந்து மூன்று வருடம் ஆன சாது. அவனுடைய 'மீன்-லாரி' என்ற கிளஸ்டர், மீன் ஏற்றும் ஒரு குளிர்லாரி நிறுவனத்தின் தகவல்களை முந்தின நாளிலிருந்து அரைத்துக்கொண்டிருந்தது. மாமியார் முதல்முறை ஓடவிருந்த அன்று பிற்பகலில் அந்த நிறுவனத்தின் அதிகாரி ஹனா நேரில் வந்து பார்ப்பதாக ஏற்பாடு.

மதிய உணவு வேளையில்தான் கிளஸ்டர்கள் அதிகம் சும்மா ஓடும். அதனால் அந்த நேரத்துக்கு மாமியாரை முடுக்கிவிட்டு, காமாரியா மீ கோரெங் சாப்பிடப் போனாள். அன்று அவள் கூடுதலாக ஓர் அப்பளம்கூடக் கேட்டு வாங்கினாள். மனம் அவ்வளவு நிறைந்திருந்தது.

அவள் திரும்பி வரும்போது ஹனா முன்னதாகவே வந்துவிட்டிருந்தார். கூட்ட அறையின் பெரிய திரைக்கு முன்னால் சுகுமாரன் கையை விரித்து நின்றார்.

"உங்க லாரிகளோட டேட்டா இந்த நிமிஷம் ஓடிக்கிட்டிருக்கு மிஸ் ஹனா. இங்க பாருங்க."

எல்லாரும் பார்த்தார்கள். 'மீன்-லாரி'க்குப் பக்கத்தில், அழிக்கப்படுகிறது என்று இருந்தது. அதே நேரத்தில் திரையின் மூலையில் ஓர் அரட்டைச் செய்தி குதித்தது:

"மாமியார்: மீன்-லாரி சும்மா ஓடிக்கிட்டிருந்துச்சு, கலைச்சிட்டேன். அடைச்சிட்டுப் போகணும்னு வீட்ல சொல்லித் தரலையா?"

சுகுமாரனின் விரித்த கை விரித்தபடியே நின்றது.

காமாரியா தன் இடத்துக்கு ஓடி நிரலைத் திறந்தாள். ஒரு வரியில் 'not' என்று ஒரு சொல் இருந்திருக்க வேண்டும். இல்லை. சீட்டு இல்லாதவற்றைக் கலைக்க வேண்டிய மாமியார், சீட்டு உள்ளதைத் தேடிப் பிடித்துக் கலைத்திருந்தாள். சொன்ன பேச்சைக் கேட்ட ஒரே பிள்ளையின் கிளஸ்டர் போய்விட்டது. கேட்காத தடியர்களின் கிளஸ்டர்கள் எல்லாம் சுகமாக ஓடிக்கொண்டிருந்தன, சுகுமாரனுடையது உட்பட.

நுண்ணோக்கியில் அடுத்தவர் குறையைப் பார்த்தே சம்பளம் வாங்கியவளுக்குத் தன் குறை ஒரே வரியில் கண்ணெதிரே நின்றது. அவள் காது சூடாகிவிட்டது. இப்படிச் சூடான அனுபவம் அவளுக்கு அதிகமில்லை.

நேரே கூட்ட அறைக்குப் போனாள். "மிஸ் ஹனா, தப்பு என்னோடது. லாரிகள்லேருந்து வந்த டேட்டா பத்திரமா வேற இடத்துல இருக்கு. ஆனா நேத்திலேருந்து அரைச்சது போச்சு. மறுபடி ஓட்டணும்."

பிறகு கோகிலன் பக்கம் திரும்பினாள். அவன் திரையைப் பார்த்தபடி நின்றான். அழப்போகிறானா சிரிக்கப்போகிறானா என்று தெரியவில்லை.

"தம்பி, மன்னிச்சிரு. நீ ஒழுங்காத்தான் செஞ்ச. நான்தான் கண்ணை மூடிக்கிட்டு அழிச்சிட்டேன்."

காமாரியா மன்னிப்புக் கேட்டதை அந்த அலுவலகம் அதுவரை கண்டதில்லை. கோகிலன் பதறி, "பரவால்ல லா அக்கா, சீட்டு ஒட்டினது என் தப்புதான்" என்றான். அது இன்னும் வலித்தது.

அதே லைப்ரரியை வைத்து, எல்லாரும் பார்க்க, புதிய கிளஸ்டரைக் கட்டச் சொன்னாள். அவசரத்தில், அது கட்டி முடிவதற்குள் வேலையையும் அனுப்பிவிட்டாள். அப்படி ஒரு கிளஸ்டரே தயாராகவில்லை என்று திரை சிவப்பில் கத்தியது.

"அலாமாக், போச்சு," என்றார் சுகுமாரன் மெதுவாக.

"கட்டச் சொன்னா உடனே கட்டிடாது போஸ். சரின்னுதான் சொல்லும். முடியிற வரைக்கும் காத்திருக்கணும். உங்களை மாதிரிதான்."

ஹனா அதுவரை உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார். அதற்குமேல் முடியவில்லை. மேசையில் தலையை வைத்துச் சிரித்தார். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "அந்த மாமியாரை எங்களுக்குக் குடுப்பீங்களா?"

"என்னாது?" என்றாள் காமாரியா.

"எங்க டிரைவருங்க இன்ஜினை ஓடவிட்டுட்டுச் சாப்பிடப் போயிடுறாங்க. குளிர்ப்பெட்டிக்குத் தனி மோட்டார் இருக்கு, இன்ஜின் ஓடவே வேண்டாம். எத்தனை தடவை சொன்னாலும் கேக்க மாட்டேங்கிறாங்க. லாரி சும்மா ஓடுறது உங்க டேட்டாவுலயே தெரியுமில்ல? யாராவது இப்படித் திட்டினாத்தான் சரி வரும்."

சுகுமாரனின் கை அப்போதுதான் கீழே இறங்கியது. "தாராளமா," என்றார், அந்த யோசனை தன்னுடையதுபோல.

மீன்-லாரி கணக்கு மறுநாள் முடிந்தது. கோகிலனுக்காகக் காமாரியா தானே காத்திருந்து, முடிவுகளைப் பாதுகாப்பான இடத்தில் சேர்த்துக் கொடுத்தாள். இனிமேல் மாமியார் எதையும் கலைப்பதற்குமுன் எதைக் கலைக்கப் போகிறாள் என்று காட்ட வேண்டும், இன்னொருவர் பார்த்துச் சரி சொல்ல வேண்டும் என்று சுகுமாரன் விதி போட்டார். அந்த இன்னொருவர் கோகிலன். அதிகாரம் கைக்கு வந்ததும் அவன் முதலில் சரி சொன்னது சுகுமாரனின் கிளஸ்டரைக் கலைக்கத்தான்.

லாரிகளுக்கு எழுத்து போதாது, இன்ஜின் சும்மா ஓடினால் உள்ளே ஒரு குரல் திட்ட வேண்டும் என்றார் ஹனா. சீனப் பெண் ஒருத்தி, மலாய் ஆள் ஒருவர் என்று ஆளுக்கொரு மொழியில் பதிவு செய்தார்கள். தமிழுக்குக் காமாரியா. ஒத்திகை தேவைப்படவில்லை.

இரண்டு மாதம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவளும் ஹபீபும் பாகான் டாலாமில் ஒரு கல்யாணத்துக்குப் போனார்கள். மண்டபத்து வாசலில் ஒரு குளிர்லாரி உறுமிக்கொண்டு நின்றது. ஓட்டுநர் கீழே நின்று தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். காமாரியா ஹபீபிடம்தான் பேசினாள்:

"பாருங்க, யாரு இப்படி ஓடவிட்டுட்டு நிக்கிறது?"

ஓட்டுநரின் தேநீர் சட்டையில் கொட்டியது. லாரிக்குள் தாவி ஏறி இன்ஜினை நிறுத்தினார். பிறகுதான் திரும்பிப் பார்த்தார்.

"அக்கா... லாரிக்குள்ள பேசுறது நீங்கதானா?"

"ஆமா."

"இங்கயும் வந்துட்டீங்களா?" என்றார் அவர், உண்மையான வருத்தத்தோடு. சட்டைக் கறையைத் துடைக்க ஹபீப் தன் கைக்குட்டையை நீட்டினார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். காமாரியா உள்ளே போன பிறகும் அந்த இரண்டு ஆண்களும் வாசலில் நின்று வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள்.