பொது என்றால் யாருக்கு

திருவண்ணாமலைக்கும் கீழ்பென்னாத்தூருக்கும் நடுவில் இருக்கும் எங்கள் ஊராட்சிக்கு ஐந்து வருடம் நான்தான் தலைவர். இதைச் சொல்லும்போதே எனக்குக் கோபம் வருகிறது. ஊரில் யாராவது 'தலைவரே' என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பவர் என் கணவர். எனக்கு வேறு பெயர் வைத்திருந்தார்கள், 'தலைவர் வீட்டம்மா'. பெண்களுக்கு ஒதுக்கிய பதவி அது. நின்றது நான், ஜெயித்தது நான். மாலையும் பட்டாசும் அவருக்கு.

வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸில் தலைவர்களுக்கு முதல் கூட்டம் போட்டார்கள். அவரும் கூட வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். ஒரு பெண் அதிகாரி எங்கள் ஊராட்சியின் பெயரைப் படித்து, "தலைவர் யாருங்க?" என்று கேட்டார். நான் எழுவதற்குள் இவர் எழுந்துவிட்டார். வேண்டுமென்று செய்திருந்தால்கூட மன்னித்திருப்பேன். வீட்டில் சோற்றுத் தட்டுக்குக் கை நீட்டுவதுபோல அத்தனை இயல்பாக எழுந்தார். அதை நினைத்தால் இன்றைக்கும் ஆத்திரம் அடங்கவில்லை.

"அப்ப நீங்க யாரும்மா?" என்று அதிகாரி என்னைப் பார்த்தார்.

"நான்தாங்க தலைவர். இவரு என்னை வண்டியில கொண்டாந்து விட வந்தாரு."

எல்லோரும் சிரித்தார்கள். இவர் வெளியே போய் டீ குடித்தார். திரும்பி வரும்போது வழியெல்லாம் வண்டியை உறுமவிட்டார். அடுத்த கூட்டத்திலிருந்து நான் பஸ்ஸில் தனியாகப் போனேன்.

பதவிக்காலம் முடிந்தது, தேர்தல் தள்ளிப்போனதால் ஊராட்சி நிர்வாகம் அதிகாரிகள் கைக்குப் போனது. அடுத்த தேர்தலில் சுழற்சியில் பெண்கள் ஒதுக்கீடு வேறு ஊருக்குப் போய், எங்கள் ஊர் 'பொது' ஆகிவிடும் என்று பேச்சு கிளம்பியது. எங்கள் ஊரில் பாதி ஆண்கள் பௌர்ணமிக்கு டவுனில் ஆட்டோ ஓட்டுகிறவர்கள். கிரிவலக் கூட்டம் கலைந்த மறுநாள் தூங்கி எழுந்து எங்கள் வீட்டுக் கூடத்தில் வந்து நிறைந்தார்கள். டிவியில் ஒரு பெண் பேசிக்கொண்டிருந்தார். முதலமைச்சர் ஆக வேண்டும் என்பதுதான் தன் ஆசை என்று ஒளிக்காமல் சொன்னார்.

"இந்தம்மாவுக்குப் பின்னாடி யாரு இருக்கான்னு தெரியலியே" என்றார் என் சின்ன மாமனார்.

"யாராவது ஒருத்தன் இருப்பான். இல்லாம இவ்ளோ தெகிரியம் வருமா?" என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.

அதற்குப் பிறகு அந்தப் பெண்ணின் புடவை, குரல், கல்யாணம் எல்லாவற்றையும் அலசினார்கள். அவர் என்ன செய்வேன் என்று சொன்னார் என்பதை ஒருவரும் காதில் வாங்கவில்லை. அவருக்கு முன்னால் அதே டிவியில் ஒரு ஆண் பேசியிருந்தார். அந்த ஆணுக்குப் பின்னால் யார் என்று யாரும் தேடவில்லை.

டிவியை அணைத்துவிட்டு சின்ன மாமனார் என் கணவர் பக்கம் திரும்பினார். "இந்த வாட்டி நீயே நேரா நின்னுடுப்பா. அந்தப் பொண்ணுக்கு எதுக்கு வீணா அலைச்சல்?"

அந்தப் பொண்ணு நான்தான், டீத் தட்டோடு அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். "நான் நிக்கிறேன் மாமா" என்றேன்.

"பொதுவுல நீ எப்படிம்மா நிப்ப? அது ஆம்பளைங்க சீட்டு."

கிண்டல் இல்லை. மனிதர் உண்மையாகவே அப்படித்தான் நம்பியிருந்தார். சுற்றி இருந்தவர்களும் தலையாட்டினார்கள். பெண்களுக்கு என்று எழுதியிருந்தால் பெண்களுக்கு, ஒன்றும் எழுதாமல் விட்டால் தங்களுக்கு.

"பொதுன்னா எல்லாருக்கும் மாமா. சட்டமே அப்படித்தான்."

"சட்டம் இருக்கும்மா. ஊருன்னு ஒண்ணு இருக்குல்ல."

அடுப்படிக்குப் போய் டம்ளர்களைக் கழுவினேன். முதலமைச்சர் நாற்காலி யாருக்கும் ஒதுக்கியதில்லை, பிரதமர் நாற்காலியும் அப்படித்தான். இரண்டும் பொது. அப்படியானால் இரண்டும் ஆம்பளைங்க சீட்டு. டிவியில் பேசிய அந்தப் பெண்ணைப் பற்றி, கோட் போட்டவர்கள் அதே டிவியில் விவாதம் என்ற பெயரில் மணிக்கணக்காகச் சொல்வதை, என் சின்ன மாமனார் டீயை உறிஞ்சிக்கொண்டே ஒரே வரியில் சொல்லிவிட்டார். அவரையாவது எதிரில் நின்று கேட்க முடிகிறது.

எல்லோரும் போனபிறகு என் கணவர் வந்தார். "புருஷனும் பொண்டாட்டியும் எதிரெதிரா நின்னா ஊரே சிரிக்கும்."

"அப்ப நீங்க நிக்காதீங்க."

அப்படி ஒரு வழி இருப்பதே அவருக்குத் தோன்றியிருக்கவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

மறுநாள் ஏரிக்கரைக்குப் போனேன். நூறு நாள் வேலையில் பெண்கள் மண் அள்ளிக்கொண்டிருந்தார்கள். தேர்தல் எப்போது வந்தாலும் நான் நிற்கிறேன், எனக்கு ஓட்டுப் போடுங்கள் என்று கேட்டேன். நான் தலைவராக இருந்த சமயம் தெருவுக்குத் தண்ணீர் வராமல் இருந்தபோது, பழுதான மோட்டார் ஓடும்வரை என்னோடு வெயிலில் நின்ற ஒருத்தியும் அங்கே இருந்தாள். கூடையை இறக்கிவைத்தாள்.

"உங்க வீட்டுக்காரரு ஒத்துக்கிட்டாராக்கா?"

கூடத்தில் அத்தனை ஆண்கள் பேசியபோது வராத அழுகை அப்போது வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

"அவர்கிட்ட சம்மதம் கேக்கலம்மா. காலையில ஓட்டு கேட்டேன். உன்னைக் கேக்கற மாதிரிதான். அவரு இன்னும் பதில் சொல்லல. நீ சொல்லு."